கறுப்புப் பக்கத்துக்கு அடியில்

தண்ணீர்ப் பசை காய்வதற்கு டெல்லியில் மாதத்துக்கு ஒரு கணக்கு, ஃபாதர். மே மாதம் நான்கு நிமிடம். ஆகஸ்டில் அரை மணி நேரம். பால் மாதிரி வெள்ளையாகப் பூசுவோம். வெள்ளை போய்க் கண்ணாடியாக வேண்டும். அதற்கு முன்னால் ரப்பரை வைத்தால் பிடிக்காது. டேபிள் டென்னிஸ் மட்டைக்கு ரப்பர் ஒட்டுகிறவனுக்குக் கை வேலையைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். எனக்கு அது வரும்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டு ஏன் பசையைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்கிறீர்கள். வேறு இடத்திலிருந்து தொடங்கினால் உங்களுக்குப் புரியாது. அடுத்த சனிக்கிழமை நீங்கள்தான் எனக்கும் ஸ்நேகாவுக்கும் கல்யாணம் செய்துவைக்கப் போகிறீர்கள். ஸ்நேகா என் மனைவி ரூபியின் தங்கை. ரூபியின் அடக்கத் திருப்பலியும் நீங்கள் வைத்ததுதான். உங்களுக்கு எங்களைத் தெரியும். நான் செய்ததுதான் தெரியாது.

ரூபி நர்ஸ். கல்யாணமாகி மூன்றாவது வருடம் அக்டோபரில் டெங்கு வந்தது. அவள் வேலை பார்த்த வார்டிலேயே படுத்திருந்தாள். ஆறு நாள். யார்மேலும் தவறு இல்லை. எல்லோரும் அவளுக்குத் தெரிந்தவர்கள், எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் இருந்தபோது, மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஸ்நேகா எங்கள் துவாரகா வீட்டுக்கு வருவாள். கிட்வாய் நகரில் அவள் அப்பாவின் அரசாங்கக் குவார்ட்டர்ஸிலிருந்து மெட்ரோவில் ராஜீவ் சவுக்கில் மாறி வர ஒரு மணி நேரம். தோளில் மட்டைப் பை இருக்கும். அக்காவும் தங்கையும் மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஆடத் தொடங்கியவர்கள். ரூபி நர்ஸிங் சேர்ந்ததும் விட்டுவிட்டாள். தங்கைக்கு ரப்பர் ஒட்டுவதை மட்டும் விடவில்லை. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, பழைய ரப்பரை உரித்து, மரத்தில் ஒட்டியிருக்கிற பழைய பசையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுப்பார்கள். புதுப் பசையைப் பஞ்சுத் துண்டால் பூசுவார்கள். காய்ந்ததும் ரப்பரைக் கைப்பிடிப் பக்கமிருந்து படிய வைத்து, பூரிக்கட்டையால் ஒரே ஓட்டமாக உருட்டுவார்கள். பிறகு கத்தரிக்கோல்.

"அக்கா, ஜல்தி. மெட்ரோவுல கூட்டம் ஆயிடும்."

"இது என்ன நூடுல்ஸாடி, ரெண்டு நிமிஷத்துல எடுக்க? காயட்டும், இரு."

நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். என் வாழ்க்கையில் நான் முழுசாக இருந்த நேரங்கள் அவைதான் என்று பிறகு தெரிந்தது.

ரூபி போன பிறகு வீட்டில் சத்தம் இல்லை. நான் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருக்கிறேன். பெயிண்ட், தின்னர், பசை, பேட்டரி போன்ற ஆபத்தான சரக்குகளைச் சரிபார்க்கும் மேசை. எது எவ்வளவு ஆவியாகும், எதை எதனோடு வைக்கக் கூடாது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது வேலை. பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவனுக்குப் பொருத்தமான வேலைதான். அங்கே பேச வேண்டியது குறைவு. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். காலையிலிருந்து படுக்கிற வரை பதினேழு வார்த்தை பேசியிருந்தேன். அதில் நான்கு, லிஃப்டில் நின்ற ஒருவரிடம் மாடி எண்ணைச் சொன்னது.

மூன்றாவது சனிக்கிழமை ஸ்நேகா வந்தாள். ஒரு கையில் தூக்கு, தோளில் மட்டைப் பை.

"அம்மா மீன் குழம்பு குடுத்து விட்டாங்க, அத்தான். அப்புறம்... உங்களுக்கு ரப்பர் ஒட்டத் தெரியுமா?"

தெரியும் என்றேன். தெரியாது. ரூபி செய்ததைப் பார்த்ததோடு சரி. பசையைத் திட்டுத்திட்டாகப் பூசி ஒட்டினேன். ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு நின்றது. ஸ்நேகா மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தான், இது மட்டையா, ஊத்தப்பமா? அக்கா இருந்தா பூரிக்கட்டையை உங்க மண்டையிலதான் உருட்டியிருப்பா."

சிரித்தாள். சிரிப்பின் பாதியில் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அச்சா, உரிங்க. திரும்ப ஒட்டுவோம்" என்றாள்.

அந்த மாதமே நன்றாகக் கற்றுக்கொண்டேன். நான்காவது முறை ஸ்நேகா ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, கிளப்பில் கோச்சுக்குக்கூட இப்படி வராது என்றாள். ஒட்டினால் ஒன்றரை மாதம் அசையாது. அதாவது ஒன்றரை மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை.

என்னுடைய முதல் பிழை அங்கேதான் என்று நினைக்கிறேன். பசைப் புட்டியில் கொஞ்சம் தண்ணீர் கலந்தேன். பத்து நாளில் ஓரம் விட ஆரம்பித்தது. "உங்க பசைக்கு என்மேல என்ன கோபம், அத்தான்?" என்று கேட்டுக்கொண்டு அடுத்த சனிக்கிழமையே வந்துவிட்டாள். டெல்லித் தண்ணீர், டெல்லி வெயில் என்று ஏதோ சொன்னேன். பிறகு பெரும்பாலும் எல்லாச் சனிக்கிழமையும் வந்தாள். பசை காய்கிற நேரத்தில் கிளப்பில் யார் யாரோடு சண்டை, எந்தப் பெண்ணுக்குச் சர்வீஸ் போடத் தெரியாது, அப்பா காலையில் வாக்கிங் போகிறேன் என்று போய் எந்தக் கடையில் கச்சோரி தின்கிறார், எல்லாம் சொல்வாள். நான் வெயில் காலத்தில் விசிறியை அணைத்துவைப்பேன். விசிறி ஓடினால் பசை சீக்கிரம் காய்ந்துவிடும்.

அதற்குப் பிறகு ரப்பரைத் தேர்ந்தெடுப்பதும் என் கைக்கு வந்தது. மட்டைக்கு ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு. கறுப்புப் பக்கத்துக்கு அவளுக்குச் சிறுவயதிலிருந்தே கெட்டியான ரப்பர்தான் பிடிக்கும். அதில்தான் அவளுடைய ஃபோர்ஹாண்ட் அடி. நான் சமையலறைத் தராசில் இரண்டு ரப்பர்களை எடை போட்டுக் காட்டி, மென்மையானதும் எடை குறைந்ததுமான ஒன்றை எடுக்க வைத்தேன். மணிக்கட்டுக்கு நல்லது என்றேன். அவள் ஒரு மாதம் தோற்றுக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பப் பழையதையே கேட்டாள். கொடுத்தேன். வீம்பு பிடிக்கவில்லை. இந்த வரிசையில் சொல்வது, ஒரே நாளில் செய்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காக.

ஒன்று சொல்ல வேண்டும், ஃபாதர். நீங்கள் நினைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு மேசைக்கு எதிரே ஒருவர் இருந்தால் போதும்.

போன டிசம்பரில் இரண்டு செய்தி ஒன்றாக வந்தது. என் மாமனார் மதலைமுத்து பிப்ரவரியோடு ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நாங்குநேரிப் பக்கம் ஊருக்குப் போகிறார்கள். இது எதிர்பார்த்தது. எதிர்பாராதது, ஸ்நேகாவுக்குச் சென்னையில் ஓர் அரசு நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் நிலை. ஜனவரிப் போட்டியில் அரையிறுதிக்குப் போனால் உத்தரவு கையில். ஒன்பது வயதிலிருந்து அவள் ஓடியது அந்த ஒரு காகிதத்துக்காகத்தான்.

"மாப்ளே, நீங்களும் ஒரு மாத்தல் கேட்டு வந்துருங்களேன். இங்க ஒத்தையில கெடந்து என்ன செய்யப் போறிய?" என்றார் மாமனார்.

"மெட்ராஸ் வந்தா கடல் காட்டுறேன், அத்தான்" என்றாள் ஸ்நேகா. பிறகு தானே சிரித்தாள். "முதல்ல நான் தமிழ் படிக்கக் கத்துக்கணும். பஸ் போர்டு எல்லாம் ஜிலேபி ஜிலேபியா இருக்கு."

அன்று அவள் போன பிறகு மேசையைத் துடைத்தேன். மேசையில் எதுவும் இல்லை. இருந்தாலும் துடைத்தேன்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். முன்பெல்லாம் ஆட்டக்காரர்கள் ரப்பருக்கு அடியில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைப் பூசுவார்கள். அதன் ஆவி ரப்பரோடு சேர்ந்திருக்கிற பஞ்சில் ஏறி, ரப்பர் விறைத்து, பந்து பறக்கும். அது உடம்புக்குக் கேடு, ஆட்டத்துக்கும் அநியாயம் என்று தடை செய்து வெகு காலமாகிவிட்டது. தண்ணீர்ப் பசை வந்தது அதனால்தான். இப்போது பெரிய போட்டிகளில் ஆட்டம் முடிந்ததும் மட்டையை வாங்கி ஒரு சின்னப் பெட்டியில் வைத்துப் பார்ப்பார்கள். ஆவி இருந்தால் பெட்டி எண்ணைக் காட்டும். ஸ்நேகா இந்த விஷயத்தில் கறார். அவளுடன் ஆடுகிறவர்கள் சிலர் கண்டுபிடிக்க முடியாத எண்ணெய்களை ரகசியமாகத் தடவுவார்கள். இவள் தொட மாட்டாள். "என் மட்டை அப்பா சர்வீஸ் ஃபைல் மாதிரி. ஒரு மெமோ கிடையாது" என்பாள்.

போட்டிக்கு நான்கு நாள் முன்பு மேம்பாலத்துக்கு அடியில் பஞ்சர் ஒட்டுகிறவரிடம் போனேன். "டியூப் கஹாங் ஹை, பையா?" என்று சைக்கிள் டியூபைக் கேட்டார். சைக்கிள் வீட்டில் இருக்கிறது என்றேன். என்னிடம் சைக்கிள் இல்லை. ஒரு டியூப் சொல்யூஷன் கொடுத்தார்.

மறுநாள் ஸ்நேகா மட்டைகளைக் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்கு ஓடினாள். அவள் இல்லாமல் நான் ஒட்டியது அந்த ஒரு முறைதான். கறுப்பு ரப்பரின் பஞ்சில் சொல்யூஷனை இரண்டு பூச்சுப் பூசினேன். அதன்மேல் தண்ணீர்ப் பசை. மேலே பசை படலமாகிவிட்டால் ஆவி வெளியே போக வழி இல்லாமல் நாள் கணக்கில் உள்ளேயே கிடக்கும். மூக்குக்குத் தெரியாது. பெட்டிக்குத் தெரியும். இதை அறிந்துகொள்ளத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

சிவப்பு ரப்பரில் சொல்யூஷன் பூசவில்லை. சிவப்புப் பக்கத்தை எப்போதும்போல ஒழுங்காக ஒட்டினேன். அன்றைக்கு அது எனக்கு முக்கியமாகப் பட்டது.

அவளிடம் இரண்டாவது மட்டை ஒன்றும் இருந்தது. அதிலும் செய்தேன்.

முதல் இரண்டு சுற்றில் சோதனை இல்லை. காலிறுதியிலிருந்துதான். அதுவும் எனக்குத் தெரியும். அன்று விடுப்புப் போட்டுவிட்டு அரங்கில் போய் உட்கார்ந்தேன். அவளுக்கு எதிரே ஆடிய வங்காளப் பெண் அவளை மூன்று முறை தோற்கடித்தவள். முதல் இரண்டு கேம் போய்விட்டது. மூன்றாவதிலிருந்து ஸ்நேகா ஃபோர்ஹாண்டை நம்பி அடிக்க ஆரம்பித்தாள். பந்து மட்டையில் படும் சத்தமே வேறாக இருந்தது. தகரத்தைச் சுண்டுவதுபோல. அது நான் பூசியதன் சத்தம். கடைசி கேம் பதினொன்று, ஒன்பது. அவள் வாழ்க்கையில் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம். ஜெயித்ததும் என்னைத் தேடி மேலே பார்த்து மட்டையைத் தூக்கிக் காட்டினாள். கறுப்புப் பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. நானும் கையைத் தூக்கினேன்.

மட்டையை ஒரு பெண்மணி பைக்குள் போட்டு வாங்கிக்கொண்டு போனார். பத்து நிமிடம்.

அதன் பிறகு நடந்ததைப் பாதி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெயித்த ஆட்டம் செல்லாது என்றார்கள். மற்ற மட்டையையும் வாங்கிப் பார்த்தார்கள். ஒன்றென்றால் தவறு, இரண்டென்றால் திட்டம் என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான்.

இவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது என்று உங்களிடம் சொல்வதாகத்தான் வந்தேன். ஓர் ஆட்டம் போகும், ஓர் எச்சரிக்கை வரும், வேலை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும் என்று. ஆனால் விதிப்புத்தகம் என் போனில் இருந்தது. நவம்பரிலேயே இறக்கி வைத்திருந்தேன். இரண்டு மட்டை பற்றிய பத்தியை இரண்டு முறை படித்திருந்தேன்.

நவம்பர்தான், ஃபாதர். வேலைச் செய்தி டிசம்பரில்தானே வந்தது என்று கேட்கிறீர்கள். ஆமாம். அவள் நன்றாக ஆட ஆரம்பித்திருந்தாள். நன்றாக ஆடுகிறவர்கள் போய்விடுவார்கள்.

விசாரணை ஒரு வாரம் கழித்து. அதற்கு முன்தினம் ஸ்நேகா வந்தாள். நான் பசைப் புட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கடைக்காரன் போலிச் சரக்கைக் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது, எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்றேன். புட்டியை அவள் மோந்துகூடப் பார்க்கவில்லை.

"நாளைக்கு யார் ஒட்டினதுன்னு கேப்பாங்க" என்றாள்.

"என் பேரைச் சொல்லு."

நிஜமாகவே சொன்னேன். சொல்ல மாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கே இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"பாகலா அத்தான் நீங்க, பைத்தியமா? ஏர்போர்ட்ல கெமிக்கல் பாக்குற ஆளு நீங்க. இது எழுத்துல போச்சுன்னா உங்க என்ட்ரி பாஸ் போயிடும், வேலை போயிடும். எனக்கென்ன, ஆறு மாசம் உக்காருவேன். அக்கா உங்களைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டுத்தான் போனா."

ரூபி அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. அவள் கடைசி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விசாரணையில் ஸ்நேகா, "நானே ஒட்டினேன், எனக்கு யாரும் உதவவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அறைக்கு வெளியே பெஞ்சில் நான் மாமியார் கொடுத்த புளியோதரையோடு உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. எழுந்து உள்ளே போக நான்கு எட்டு. போகவில்லை. வேறொருவர் ஒட்டி, ஆடுகிறவருக்குத் தெரியாமல் நடந்திருந்தால் ஆறு மாதம். அவளே செய்ததாக எழுதியதால் இரண்டு வருடம். சென்னை வேலைக்கு அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கிளப்பில் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கூட ஆடியவர்கள் போனை எடுக்கவில்லை. மாமனார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவர். கோயிலில்கூடப் பின் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள், நீங்கள் கவனித்திருப்பீர்கள். நான் மட்டும்தான் எப்போதும்போல இருந்தேன். சனிக்கிழமை வந்தாள். ஞாயிறும் வந்தாள். ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. இருந்தாலும் வந்தாள். ஒரு நாள் மேசையில் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். ஒன்றரை வருடம் கழித்து அந்த வீட்டில் இன்னொருவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

பேச்சை எடுத்தது மாமியார் சூசையம்மாள். நான் எடுக்கவில்லை. மூத்தவள் போன வீட்டுக்கு இளையவளைக் கொடுப்பது எங்கள் பக்கம் புதிது இல்லை.

"ஊருக்குக் கூட்டிட்டுப் போனா பேப்பர்ல வந்ததைக் கேட்டே கொன்னுருவாக, மாப்ளே. நீங்க ஒரு வார்த்தை சொன்னியன்னா எங்களுக்கு மூச்சு வரும்."

நான் யோசிக்கிறேன் என்றேன். ஒரு வாரம் யோசித்தேன். அந்த ஒரு வாரத்தில் அவள் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "என்னை நம்புற ஒரே ஆள் நீங்கதான், அத்தான்" என்றாள்.

கல்யாண விசாரணையில் நீங்கள் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டீர்கள். இல்லை என்று அவள் சொல்லியிருப்பாள். நானும் சொன்னேன். இரண்டும் உண்மை.

கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. நாளை மூன்றாவது. இவர்களுக்குள் விக்கினம் ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசிப்பீர்கள். இரண்டு தடவையும் தலையைக் குனிந்து கேட்டேன். அறிந்தவன் நான் ஒருவன்தான். தெரிவிக்கத்தான் வேண்டும். அலுவலக அறையில் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தெரிவித்திருக்கலாம். அங்கே சொன்னால் நீங்கள் அதைவைத்து ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். அதனால் இங்கே தெரிவிக்கிறேன். தொட்டியில் கேட்டது தொட்டியோடு, வெளியே நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. ஞானோபதேச வகுப்பில் நன்றாகப் படித்தவன் நான்.

அவளிடம் போய்ச் சொல்லுங்கள், பிறகு வாருங்கள், பாவமன்னிப்புத் தருகிறேன் என்கிறீர்கள். நீங்கள் அப்படித்தான் சொல்ல முடியும். எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இப்போது அவளுக்கு வேலை இல்லை, ஆட்டம் இல்லை, அப்பா முகம் கொடுத்துப் பேசுவதும் பாதிதான். இதையும் சொன்னால் நானும் இருக்க மாட்டேன். அப்படி ஒருத்தியை நடுத்தெருவில் விடுவது எந்த நியாயம்? நான் அவளை நன்றாக வைத்துக்கொள்வேன். இரண்டு வருடம் முடிந்ததும் திரும்ப ஆடட்டும். மட்டையை நானே ஒட்டித் தருவேன்.

சரி. எழுந்துவிடுகிறேன். எனக்குப் பின்னால் அவள்தான் நிற்கிறாள். நீலத் துப்பட்டா. ஒரு விசாரணையில் பொய் எழுதிக் கொடுத்தேன் என்று சொல்வாள். யாருக்காக என்று சொல்ல மாட்டாள். அதற்கு மூன்று நாளாகத் தூங்காமல் ஒரு சின்னத் தாளில் இந்தி எழுத்தில் தமிழ் எழுதி வைத்திருக்கிறாள், பாவசங்கீர்த்தனத்தைத் தமிழில் சொல்ல வேண்டுமாம். அபராதம் சின்னதாகக் கொடுங்கள். கொஞ்சம் இதமாகப் பேசுங்கள், ஃபாதர். என்னை விட்டால் அவளுக்கு இந்த ஊரில் யாரும் இல்லை.